செக்கேல்: எடையா, காசா? ஒரு விவிலியச் சொல்லின் பொருளும் பயன்பாடும்



பழைய ஏற்பாட்டை வாசிக்கும்போது நம்மைச் சற்றுத் தயங்க வைக்கும் சொற்களில் ஒன்று 'செக்கேல்'. நம் கத்தோலிக்க விவிலியத்தில் செக்கேல் என்றும், சீர்திருத்தச் சபையினர் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் சேக்கல் என்றும் இது எழுதப்படுகிறது. அன்பியக் கூட்டங்களில் இந்தச் சொல் வந்தவுடன், "ஃபாதர், ஒரு செக்கேல்னா நம்ம காசுக்கு எவ்வளவு வரும்?" என்று யாராவது ஒருவர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. ஏனெனில் செக்கேல் முதலில் காசாக இருக்கவில்லை. அது ஓர் எடை. எடையாக இருந்தது எப்படிக் காசாயிற்று, விவிலியத்தில் அது எங்கெங்கே வருகிறது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

1. சொல்லின் வேர்

எபிரேய மொழியில் 'ஷாகல்' என்ற வினைச்சொல்லுக்கு 'எடை போடு, நிறுத்துப் பார்' என்று பொருள். அதிலிருந்து பிறந்ததே 'ஷெகெல்' என்னும் பெயர்ச்சொல். பாபிலோனியா, அசீரியா நாடுகளின் அக்காதிய மொழியிலும் 'ஷிக்லு' என்று இதே சொல் எடையைக் குறித்தது. ஆக, இது இஸ்ரயேலருக்கு மட்டும் உரிய சொல் அல்ல. மேற்கு ஆசியா முழுவதிலும் வணிகர் வாயில் புழங்கிய சொல்.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. வெள்ளி ரூபாய் புழங்கிய காலத்தில் 'ஒரு ரூபாய் எடை' என்பது நம் கடைகளில் ஓர் அளவாகவே இருந்தது. ஒரு தோலா என்பதும் அதுதான், ஏறத்தாழ 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம் என்று நம் பாட்டிமார் கணக்குச் சொல்வார்கள். காசும் எடையும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. இன்றும் தங்கத்தைச் 'சவரன்' என்றுதான் சொல்கிறோம். சவரன் என்பது ஆங்கிலேயரின் பொற்காசு. காசு வழக்கொழிந்து, 8 கிராம் என்ற எடையாக அந்தப் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது. செக்கேல் இதற்கு நேர் எதிர்த் திசையில் பயணம் செய்தது. முதலில் எடையாக இருந்து, பிறகு காசாயிற்று.

2. ஒரு செக்கேல் எவ்வளவு?

யூதேயா பகுதியில் நடந்த அகழாய்வுகளில் குவிந்த தலையுடன் கூடிய சிறிய சுண்ணாம்புக்கல் எடைக்கற்கள் பல கிடைத்துள்ளன. இவை பெரும்பாலும் கி.மு. 8, 7-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றை நிறுத்துப் பார்த்ததில் ஒரு செக்கேல் ஏறத்தாழ 11.4 கிராம் என்று தெரிகிறது. அதாவது நம் ஒரு தோலாவுக்குச் சற்றுக் குறைவு. சவரன் கணக்கில் சொன்னால் ஒன்றரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் இது மாறியதும் உண்டு.

செக்கேலை ஒட்டிய மற்ற எடைகள் இவை:

கேரா: செக்கேலில் இருபதில் ஒரு பங்கு (விப 30:13). அரைக் கிராமுக்குச் சற்று மேல்.

பெக்கா: அரைச் செக்கேல் (விப 38:26). 'பெக்கா' என்று பழைய எபிரேய எழுத்தில் பொறிக்கப்பட்ட ஒரு சிறு கல், எருசலேம் கோவிலின் மேற்குச் சுவரை ஒட்டித் தோண்டிய மண்ணைச் சலித்தபோது கிடைத்ததாக 2018-இல் அறிவிக்கப்பட்டது.

பிம்: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செக்கேல். கலப்பைக் கொழுவைத் தீட்டுவதற்குப் பெலிஸ்தியர் வாங்கிய கூலியாக இது 1 சாமுவேல் 13:21-இல் வருகிறது. விவிலியம் முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் இச்சொல் உண்டு. ஆகவே பழைய மொழிபெயர்ப்பாளர் சிலர் பொருள் விளங்காமல் 'அரம்' என்று எழுதினார்கள். 'பிம்' என்று பொறித்த எடைக்கற்கள் 20-ஆம் நூற்றாண்டில் ஆராயப்பட்ட பிறகே அது ஒரு கூலி என்பது புரிந்தது. மண்ணுக்குள் கிடந்த ஒரு சிறு கல் மறைநூலின் ஒரு வரியை விளக்கியது!

மினா: 50 செக்கேல் என்றும், எசேக்கியேல் 45:12-இன்படி 60 செக்கேல் என்றும் இரு கணக்குகள் உண்டு.

தாலந்து: 3,000 செக்கேல், அதாவது ஏறத்தாழ 34 கிலோ. இக்கணக்கை விடுதலைப் பயண நூலே நமக்குத் தருகிறது. 6,03,550 பேர் ஆளுக்கு அரைச் செக்கேல் கொடுத்ததில் 100 தாலந்தும் 1,775 செக்கேலும் சேர்ந்தன (விப 38:25-26). 6,03,550-இல் பாதி 3,01,775. அதில் 1,775 போக மீதி 3,00,000. அதை 100-ஆல் வகுத்தால் 3,000. மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளே இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

செக்கேலுக்கு 20 கேரா என்பதைப் படிக்கும்போது நம் சோழர் காலக் கல்வெட்டுகள் நினைவுக்கு வருகின்றன. அங்கே பொன்னின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குறிக்கப்படுகிறது. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. இரண்டு மரபுகளுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் சொல்ல வரவில்லை. மஞ்சாடி விதையையும் குன்றிமணியையும் வைத்துப் பொன்னை நிறுத்த நம் முன்னோர்க்கு, செக்கேலும் கேராவும் அந்நியமாகத் தோன்றியிருக்காது என்பதையே சொல்கிறோம்.

3. நாணயம் இல்லாத காலத்து வெள்ளி

உலகில் முத்திரையிட்ட நாணயங்கள் முதலில் தோன்றியது இன்றைய துருக்கிப் பகுதியிலிருந்த லிதியா நாட்டில், கி.மு. 7-ஆம் நூற்றாண்டில். அப்படியானால் ஆபிரகாமும் மோசேயும் தாவீதும் நாணயத்தைக் கையில் தொட்டதே இல்லை. அவர்கள் கொடுத்ததும் வாங்கியதும் வெள்ளித் துண்டுகள், கம்பிகள், உடைந்த நகைகள். தராசில் வைத்து நிறுத்தால்தான் அது பணம். எபிரேயத்தில் 'கெசெப்' என்ற ஒரே சொல் வெள்ளியையும் பணத்தையும் குறிப்பது இதனால்தான்.

சாரா இறந்தபோது அவரை அடக்கம் செய்ய ஆபிரகாமுக்குச் சொந்தமாக ஒரு கையளவு நிலமும் இல்லை. இத்தியரான எப்ரோனிடம் மக்பேலா நிலத்தையும் குகையையும் 400 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். வணிகரிடையே வழங்கிய எடைப்படி ஊரார் முன்னிலையில் நிறுத்துக் கொடுத்தார் (தொநூ 23:16). இன்றைய கணக்கில் இது ஏறத்தாழ நாலரைக் கிலோ வெள்ளி. எப்ரோன் முதலில் 'இலவசமாகவே தருகிறேன்' என்று பெருந்தன்மையாகப் பேசியதும், பின் 'நமக்குள் நானூறு என்ன பெரிய தொகை' என்று விலையை நுழைத்ததும் நிலம் வாங்கி விற்ற அனுபவமுள்ளவர்களுக்கு நன்றாகவே புரியும்.

எருசலேம் பாபிலோனியரால் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்தில் ஒரு நிலத்தை 17 செக்கேலுக்கு வாங்கினார். வெள்ளியைத் தராசில் நிறுத்தார், பத்திரத்தில் கையெழுத்திட்டார், முத்திரையிட்டார், சாட்சிகளையும் வைத்தார் (எரே 32:9-10). எதிரி வாசலில் நிற்கும்போது எவராவது நிலம் வாங்குவாரா? இந்நாட்டில் மீண்டும் வீடுகளும் நிலங்களும் வாங்கப்படும் என்ற இறைவாக்கின் மீது அவர் வைத்த நம்பிக்கையின் எடைதான் அந்த 17 செக்கேல்.

விலைவாசியை உணர இன்னும் சில சான்றுகள்: மீக்கா என்பவர் தம் வீட்டில் குருவாக அமர்த்திய லேவியருக்கு உணவு, உடையோடு ஆண்டுக்குக் கொடுத்தது 10 வெள்ளி (நீத 17:10). அரவுனாவின் களத்தையும் மாடுகளையும் தாவீது வாங்கியது 50 செக்கேலுக்கு (2 சாமு 24:24). சாலமோன் காலத்தில் எகிப்தியத் தேர் ஒன்று 600 செக்கேல், குதிரை ஒன்று 150 (1 அர 10:29). ஆகவே 'ஒரு செக்கேல் எத்தனை ரூபாய்' என்று வெள்ளி விலையை வைத்துப் பெருக்குவதைவிட, அக்காலத்தில் அதற்கு என்ன வாங்க முடிந்தது என்று பார்ப்பதே சரியான வழி.

4. தூயகச் செக்கேல்

விவிலியத்தில் 'தூயகச் செக்கேல்' என்று தனியே ஓர் அளவு சொல்லப்படுகிறது (விப 30:13). அப்சலோமின் தலைமுடியை நிறுத்த இடத்தில் 'அரச எடை' என்று வேறோர் அளவும் வருகிறது (2 சாமு 14:26). எடைகள் பலவாக இருந்த காலத்தில், மாறாத ஓர் அளவு இறைவனின் இல்லத்தில் வைத்துக் காக்கப்பட்டது.

நம் மண்ணிலும் இவ்வழக்கம் இருந்தது. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொற்கொடைகள் 'ஆடவல்லான்' என்று பெயரிடப்பட்ட கல்லால் நிறுக்கப்பட்டதாக அக்கோவில் கல்வெட்டுகள் கூறுகின்றன. இறைவன் பெயர் தாங்கிய எடையில் எவரும் கை வைக்கத் துணியமாட்டார் என்ற எண்ணம் சமயங்கள் கடந்து மனிதருக்கு இருந்திருக்கிறது.

தூயகச் செக்கேலில் பாதியை, இருபது வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தம் உயிருக்கு ஈடாக ஆண்டவருக்குச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். இதில் கவனிக்க வேண்டியது, செல்வர் அதைவிட அதிகம் தரக்கூடாது, ஏழை குறைத்தும் தரக்கூடாது என்பது (விப 30:15). காணிக்கை என்றால் உள்ளவர் அதிகம் தரட்டும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அப்படி இல்லை. ஏனென்றால் இது கொடையின் கணக்கு அல்ல, உயிரின் கணக்கு. ஆண்டவர் முன் பண்ணையாரின் உயிரும் கூலியாளின் உயிரும் ஒரே எடை. நேர்ச்சைக் கணக்கிலோ வயதுக்கும் ஆண் பெண்ணுக்கும் ஏற்ப வெவ்வேறு தொகைகள் உண்டு. ஆனால் அங்கும் ஏழையால் இயலாவிட்டால் அவரது சக்திக்கு ஏற்ப குரு தொகையைக் குறைக்க வேண்டும் என்று இருக்கிறது (லேவி 27:8).

5. கள்ள எடை

எபிரேயத்தில் எடைக்கல்லுக்கு 'கல்' என்றே பெயர். நாமும் எடைக்கல், படிக்கல் என்கிறோம். பையில் பெரிதும் சிறிதுமாக இருவகைக் கற்களை வைத்திருக்கக் கூடாது என்று இணைச் சட்டம் கண்டிக்கிறது (இச 25:13). வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல்! ஆமோஸ் இறைவாக்கினர் காலத்து வணிகர் மரக்காலைச் சிறிதாக்கி, செக்கேல் எடையைப் பெரிதாக்கி, கள்ளத் தராசால் ஏழைகளை ஏமாற்றினார்கள் (ஆமோ 8:5). தானியம் அளக்கும் படி சிறியது. அதற்கு ஏழை கொடுக்கும் வெள்ளியை நிறுக்கும் கல் பெரியது. இரண்டு பக்கமும் இழப்பு ஏழைக்கே. ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று அவர்கள் காத்திருந்ததாகவும் ஆமோஸ் சொல்கிறார். வழிபாட்டில் உடல் இருந்தது, மனம் கல்லாப்பெட்டியில் இருந்தது.

பாபிலோனில் பெல்சாட்சர் அரசனின் விருந்தின்போது சுவரில் தோன்றிய எழுத்துகளில் 'தெக்கேல்' என்பது செக்கேலின் அரமேய வடிவமே (தானி 5:25-27). மினா, செக்கேல், அரை மினா என்று எடைகளின் பட்டியலாகவே அந்த எழுத்துகளை வாசிக்கலாம் என்று பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன் கன்னோ 1886-இல் எடுத்துக்காட்டினார். தானியேலோ அந்தச் சொல்லின் வேருக்கே போய், 'நீ தராசில் நிறுக்கப்பட்டாய், எடை குறைவாகக் காணப்பட்டாய்' என்ற பொருளில் விளக்கினார். மக்களை நிறுத்துப் பார்த்த அரசனையும் நிறுக்கிற தராசு ஒன்று இருக்கிறது.

6. புதிய ஏற்பாட்டில்

இயேசுவின் காலத்தில் செக்கேல் நாணயமாகிவிட்டது. எருசலேம் கோவில் வரிக்கு ஏற்கப்பட்டது தீர் நகரத்து வெள்ளிக்காசு. ஒரு காசு ஏறத்தாழ 14 கிராம். அதன் ஒரு பக்கம் மெல்கார்ட் என்ற பிற இனத் தெய்வத்தின் முகம், மறுபக்கம் கழுகு. இருந்தும் அதன் வெள்ளி கலப்படமற்றது என்பதால் கோவில் அதை ஏற்றது. பல நாடுகளிலிருந்து வந்த யூதர் தம் காசுகளை இதற்கு மாற்ற வேண்டியிருந்ததால்தான் கோவில் வளாகத்தில் நாணயம் மாற்றுவோர் மேசை போட்டிருந்தனர். மிஷ்னா என்னும் யூத மரபுத் தொகுப்பில் இவ்வரியைப் பற்றி 'ஷெக்காலிம்' என்று தனி நூலே உண்டு.

கப்பர்நாகுமில் வரி தண்டுவோர் பேதுருவிடம் கேட்டது இந்த அரைச் செக்கேலைத்தான் (மத் 17:24-27). மீனின் வாயில் கிடைத்த காசு ஒரு முழுச் செக்கேலுக்கு இணையானது. ஆளுக்குப் பாதி என்றால், அது சரியாக இருவருக்குப் போதும். தமக்கும் பேதுருவுக்குமாகச் செலுத்தும்படி இயேசு சொன்னதன் கணக்கு இதுதான். உயிரின் ஈடாகிய வரியில் ஆண்டவர் மீனவரோடு ஒரே காசில் பங்கு கொண்டார்.

கி.பி. 66-இல் உரோமைக்கு எதிராகக் கிளர்ந்த யூதர்கள் 'இஸ்ரயேலின் செக்கேல்' என்று எழுதித் தாமே வெள்ளிக்காசு அடித்தார்கள். கி.பி. 70-இல் கோவில் அழிந்தபின், அதே வரியை உரோமையில் யூப்பித்தர் கோவிலுக்குச் செலுத்தும்படி வெஸ்பாசியன் பேரரசர் கட்டளையிட்டார். பின் பல நூற்றாண்டுகள் கடந்து, 1980-இல் இஸ்ரேல் நாடு தன் நாணயத்துக்குச் செக்கேல் என்று மீண்டும் பெயரிட்டது. பணவீக்கத்தால் அது மதிப்பிழக்கவே, 1985-இல் ஆயிரம் பழைய செக்கேலுக்கு ஒன்று என்ற கணக்கில் 'புதிய செக்கேல்' வந்தது. அதுவே இன்றும் வழங்குகிறது. விவிலியச் செக்கேலுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று, மதிப்பை ஒப்பிடக்கூடாது.

7. முப்பது வெள்ளிக்காசு

யோசேப்பை அவர் சகோதரர் விற்றது 20 வெள்ளிக்கு (தொநூ 37:28). மாடு முட்டி ஓர் அடிமை இறந்தால் அவருடைய தலைவருக்குத் தரவேண்டிய ஈடு 30 செக்கேல் (விப 21:32). தம் மந்தைக்காக உழைத்த நல்ல ஆயருக்கு மக்கள் கூலியாக நிறுத்துக் கொடுத்ததும் 30 வெள்ளி என்று செக்கரியா ஏளனமாகக் குறிப்பிடுகிறார் (செக் 11:12-13). யூதாசு பெற்றுக்கொண்டதும் அதே முப்பது (மத் 26:15). தீர் நகரக் காசாகக் கொண்டால் அது 120 தெனாரியம். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் கூலி என்ற கணக்கில், ஒரு கூலியாளின் நான்கு மாத உழைப்பு. உலகின் மீட்பருக்கு மனிதர் கட்டிய விலை, மாடு முட்டிச் செத்த ஓர் அடிமையின் விலை!

இங்கே நாம் நின்று நம்மை நிறுத்துப் பார்க்க வேண்டும். மனிதருக்கு விலை பேசுவது அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டதா? பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நகைக்கடையும் அடகுக்கடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. மகளின் திருமணத்துக்குக் கடையில் வாங்கிய சவரன், வட்டி கட்ட முடியாமல் எதிர்க் கடைக்குப் போகிறது. "எத்தனை சவரன் போடுவீங்க?" என்ற கேள்வி திருமணப் பேச்சில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் ஒலிக்கிறது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். சட்டத்துக்குப் பயந்து 'நீங்க பார்த்துச் செய்யுங்க' என்று கேள்வியின் சொற்களை மாற்றிக்கொண்டோமே தவிர, தராசைக் கீழே வைக்கவில்லை. ஒரு தட்டில் பெண், மறுதட்டில் பொன். முப்பது செக்கேல் என்பது ஏறத்தாழ 43 சவரன் எடை. எண்ணிப் பாருங்கள்.

அதுபோலவே நம் திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில், வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு வெளியேற முடியாமல் கிடந்தவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆனாலும் கடன் என்ற பெயரில் மனிதருக்கு விலை வைப்பது தொடர்கிறது. அந்தச் சூளையின் செங்கல்லால் எழும் வீடுகளில்தான் நாமும் வாழ்கிறோம்.

8. நம் தராசு

செக்கேல் நமக்குக் கற்பிப்பவை மூன்று. முதலாவது, எடை சரியாக இருக்கட்டும். தொழிலாளர் துறை முத்திரையிட்ட தராசு கடையில் இருந்தால் மட்டும் போதாது. பூ அளக்கிற முழக்கை முதல் கூலி எண்ணுகிற விரல் வரை அனைத்தும் நேர்மையாக இருக்க வேண்டும். தராசும் எடைக்கற்களும் ஆண்டவருடையவை என்கிறது நீதிமொழிகள் நூல் (நீமொ 16:11). இரண்டாவது, வாங்கும்போது ஒரு கல், கொடுக்கும்போது ஒரு கல் என்பது வாணிகத்தில் மட்டும் நடப்பது அல்ல. மகனுக்குப் பெண் பார்க்கும்போது ஒரு நியாயம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது ஒரு நியாயம் என்பதும் அந்த இருவகைக் கல்தான். மூன்றாவது, ஆண்டவர் முன் எல்லா உயிர்களுக்கும் ஒரே எடை, அதே அரைச் செக்கேல்.

அடுத்த முறை திருப்பலி வாசகத்தில் 'செக்கேல்' என்ற சொல் ஒலிக்கும்போது, அது எத்தனை ரூபாய் என்று கேட்பதோடு, நம் பையில் எத்தனை வகைக் கற்கள் இருக்கின்றன என்றும் கேட்டுப் பார்ப்போம். வீட்டில் திருமணப் பேச்சு நடக்கவிருக்கும் பெற்றோர் இதை இன்றே தம் குடும்பத்தில் பேசட்டும். நீதியின் ஆண்டவர் நம் தராசுகளை நேராக்குவாராக!